தெரு குழு: இடிக்கிற கட்டடத்தோட கழிவு எங்க போகுது?

கவிதா, காலை 7:10
ஏரிக்கரையில நேத்து ராத்திரி யாரோ கட்டடக் கழிவைக் கொட்டிட்டுப் போயிருக்காங்க. பாத்ரூம் டைல்ஸ், உடைஞ்ச வாஷ்பேசின், கான்கிரீட் துண்டு, எல்லாம் சரிவுல இறங்கி தண்ணி வரைக்கும் கிடக்கு. போட்டோ பாருங்க.

செல்வி அக்கா, 7:16
ஐயோ, மழைத்தண்ணி உள்ள வர்ற வாய்க்காலே அதானே கவிதா!

முரளி (சங்கச் செயலர்), 7:31
அடுத்த மாசம் நம்ம பழைய பிளாட்டை இடிக்கிறோம். கழிவு எங்க போகும்னு கேட்டா, இடிக்கிறவர் "நாங்க பாத்துக்கறோம் சார்"ங்கறார். இடத்தைச் சொல்ல மாட்டேங்கறார்.

ராமநாதன் சார், 7:48
சொல்ல வைக்கணும் முரளி. ரோட்டுலயோ வடிகால்லயோ கொட்டக் கூடாதுன்னு 2016லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. ஒரு நாளைக்கு 20 டன்னோ, ஒரு வேலைக்கு மாசம் 300 டன்னோ, அதுக்கு மேலயோ வந்தா கான்கிரீட், மண், கம்பி-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரைன்னு நாலா பிரிச்சே கொடுக்கணும்னு அந்த விதியில இருந்துச்சு. நம்ம மூணு மாடி கண்டிப்பா அந்த அளவுக்கு வரும்.

ஃபாரூக் பாய், 8:05
சார், தொழில்ல இருக்கிறவன் சொல்றேன். இடிக்கிறவர் நமக்குத்தான் காசு கொடுப்பார். கம்பி, தேக்குக் கதவு, ஜன்னல் வித்து அதை எடுப்பார். மிச்சம் இருக்கிற குப்பைக்கு லாரி வாடகை அவர் கைக்காசு. அதான் ராத்திரியில பக்கத்துல எங்க காலி இடமோ அங்க கவுத்துடறாங்க.

செல்வி அக்கா, 8:09
செங்கல்லை எடுத்து வச்சு திரும்பக் கட்ட முடியாதா பாய்?

ஃபாரூக் பாய், 8:14
அந்தக் காலத்து சுண்ணாம்புக் கலவைன்னா தட்டினாலே முழுசா கழண்டு வரும்க்கா. நம்மளது சிமெண்ட் கலவை. விடாது, கல்லே உடைஞ்சிடும். அரைக்கத்தான் ஆகும்.

கவிதா, 8:20
அரைச்ச ஜல்லியில கட்டினா உறுதி இருக்குமா சார்?

ராமநாதன் சார், 8:37
எங்க போடறோம்ங்கறதுதான் முக்கியம்மா. கான்கிரீட்டுக்குப் போடற ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 383, 2016ல திருத்தினது, அதுல தெளிவா இருக்கு. பழைய கான்கிரீட்டை அரைச்ச ஜல்லியை லீன் கான்கிரீட்டுக்கு, அதாவது சிமெண்ட் கம்மியா போடற கான்கிரீட்டுக்கு, முழுக்கப் போடலாம். கம்பி கட்டின கான்கிரீட்டுக்கு எம்25ங்கற உறுதித் தரம் வரைக்கும் 20 சதவீதம். நம்ம புதுக் கட்டடத்துல தரைக்கு அடியில போடறதுக்கு இதையே கேக்கலாம். மலையை உடைச்சுத்தானே புது ஜல்லியும் எம்-சாண்டும் வருது. அந்த அளவுக்காவது குறையட்டும்.

முரளி, 8:44
கழிவை அரைக்கிற ஆலை எங்க சார் இருக்கு?

ராமநாதன் சார், 8:50
பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் சென்னை மாநகராட்சி ஆலை இருக்கு. நமக்குப் பெருங்குடி கிட்ட.

கவிதா, 8:58
புதுசா ஏதோ விதி போட்டாங்கன்னு படிச்சேனே?

ராமநாதன் சார், 9:12
2025ல அறிவிச்சாங்க, 2026 ஏப்ரல் 1லேர்ந்து அமல். உற்பத்தியாளர் பொறுப்பு, அதாவது கட்டறவங்களே கழிவுக்கும் பொறுப்புன்னு சொல்லி, கழிவை மறுசுழற்சிக்கு அனுப்பறதுக்கு இலக்கு வச்சிருக்காங்க. ஆனா அது கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதுக்கு மேலயோ இருக்கிற திட்டங்களுக்குத்தான். எனக்கு அதுலதான் மனத்தாங்கல். நம்ம மாதிரி எட்டு வீடு, பத்து வீடு பிளாட்டைத்தான் தெருவுக்குத் தெரு இடிக்கிறாங்க. 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ சின்ன வீடு பெரிய வீடுன்னு பார்க்கல. கெடு வச்சாங்க, வீடு வீடா வந்து பார்த்தாங்க. அதனாலதான் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி குழாய் இறங்கிச்சு. கழிவுக்கும் அப்படி ஒரு ஆள் வந்து பார்க்கணும். வர்ற வரைக்கும் நாமதான் பார்க்கணும்.

முரளி, 9:30
அப்போ ஒப்பந்தத்துல இப்படி எழுதறேன்: ஒவ்வொரு லோடுக்கும் ஆலையில எடைச்சீட்டு வாங்கித் தரணும். அவர் டெபாசிட்டா கட்டற ஒரு தொகை நம்மகிட்ட இருக்கும், சீட்டெல்லாம் வந்த பிறகுதான் திருப்பித் தருவோம்.

ஃபாரூக் பாய், 9:34
எழுதுங்க. லாரி வாடகையைக் கணக்குப் பண்ணி அவர் கொடுக்கிற காசுல கொஞ்சம் குறைச்சுக்கங்க, அப்பதான் நிப்பார். லாரி நம்பர் குறிக்க என் பையன் கேட்ல இருப்பான்.

கவிதா, 9:41
ஏரிக்கரையில கொட்டினதுக்கு மாநகராட்சி புகார் நம்பர் 1913ல புகார் கொடுத்துட்டேன். புகார் எண் கிடைச்சதும் இங்க போடறேன், எல்லாரும் கேளுங்க.

முரளி, 9:43
ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு இடிக்கிறவர் வர்றார். சார், நீங்க கண்டிப்பா உட்காரணும்.

ராமநாதன் சார், 9:50
வர்றேன்பா. ஒப்பந்தத்தை சனிக்கிழமையே அனுப்பிடு, படிச்சு வைக்கிறேன்.