கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து வருடக்கணக்கான பிறகு சிறுநீரில் ரத்தம்

கோத்தகிரி மகள்: அம்மாவுக்கு 2009-ல் கருப்பை வாய்ப் புற்றுநோய், கோவையில் கரண்ட் வைத்தோம், சரியாகி தேயிலை பறிக்கவும் போனார். இப்போது சிறுநீர் பீட்ரூட் தண்ணி மாதிரி போகிறது, வலியே இல்லை. பழைய நோய்தானா?

குன்னூர் நர்ஸ்: அதுவாகத்தான் இருக்கணும்னு இல்லை. கதிர் பட்ட மூத்திரப்பையில் ரத்தக்குழாய்கள் பழுதாகி வருடங்கள் கழித்தும் கசியும். ஆனால் மூத்திரப்பையிலோ மலக்குடலிலோ புதுப் புற்றுநோய் வருவதும் உண்டு, சிலருக்குத்தான், அதுவும் பல வருடம் தாண்டி. வலியில்லை என்று விடாதீங்க, சிஸ்டோஸ்கோப்பி, அதாவது மூத்திரப்பைக்குள் கேமரா குழாய் விட்டு, பார்க்கணும்.

ஊட்டி அண்ணாச்சி: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு போம்மா. எங்க சித்திக்கு மலத்தில் ரத்தம் வந்தப்போ கரண்ட் வைத்ததைக் கேட்காமலே மூலத்துக்கு மருந்து கொடுத்தாங்க.

கோத்தகிரி மகள்: சரிண்ணா. அக்கா, அந்த சிஸ்டோஸ்கோப்பிக்கு மயக்கம் கொடுப்பாங்களா?

குன்னூர் நர்ஸ்: சும்மா பார்க்க மரத்துப்போகும் ஜெல்லே பெரும்பாலும் போதும். பரிசோதனைக்குச் சதை எடுக்கணும்னா மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம்.