கீமோ காலத் தூக்கமின்மை: ஆன்லைன் சிபிடி-ஐ (CBT-I: எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றித் தூக்கமின்மையைச் சரிசெய்யும் முறை) பயிற்சியில் முதலில் என்ன?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ நடக்கிறது. இரவு 10 முதல் காலை 7 வரை படுக்கை. தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான். இந்தப் பயிற்சியை எங்கே தொடங்குவார்கள்?

பதில் 1: முதல் வாரம் தூக்கக் குறிப்பேடு மட்டும். காலையில் எழுதுங்க, நடுராத்திரி கடிகாரம் பார்த்து அல்ல. பிறகு படுக்கை நேரத்தை, தூங்கும் ஐந்தரை மணி நேர அளவுக்குச் சுருக்குவார்கள்: இரவு 12 முதல் காலை 5.30 வரை. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால் 15 நிமிடம் கூட்டலாம். 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்கவே கூடாது. ஆரம்பத்தில் பகல் தூக்கக் கலக்கம் கூடும்; பலர் பயிற்சியை விடுவது அங்கேதான். அப்போது வண்டி ஓட்ட வேண்டாம்.

பதில் 2: அதற்கு முன் டெக்ஸாமெத்தசோன் (கீமோவோடு தரும் ஸ்டீராய்டு மருந்து) எத்தனை மணிக்கு எனப் பாருங்க. மாலை மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்க. வலிப்பு, எலும்பில் புற்றுநோய் பரவல் இருந்தால் இந்தச் சுருக்கலைத் தனியாகச் செய்யாதீங்க.

பதில் 3: கீமோ அசதிக்குப் பகலில் 20 நிமிடம் தூங்கலாம், மதியம் 3 மணிக்குள். அலாரம் வச்சுக்கோங்க.