20 இருக்கை, ஒரே பார்டெண்டர்: பிரேசில் காக்டெயில் பாருக்கு என்ன சரக்கு, என்ன பழம்?

கவுண்டர்காரன்:
நகர மையத்தில் சின்ன இடம். 20 இருக்கை, கவுண்டருக்குப் பின்னால் ஒரே ஆள், அடுப்பு கிடையாது. பிரேசில் சரக்கும் அந்த ஊர்ப் பழங்களும் மட்டும்தான். கேட்க வேண்டியது மூன்று:

கஷாசா (கரும்புச் சாற்றில் வடிக்கும் பிரேசில் சரக்கு) எத்தனை பாட்டில் வைக்கலாம், லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?
கைப்பிரின்யா (எலுமிச்சை, சர்க்கரை, கஷாசா கலந்த டிரிங்க்) ஒருசமயம் கசக்குது, ஒருசமயம் சர்க்கரை கரையாமல் அடியில் நிக்குது. ஏன்?
முந்திரிப்பழம், ஜம்பு பூ (நாக்கை மரக்கவைக்கும் பிரேசில் கீரைப் பூ) இரண்டையும் மெனுவில் வைக்க ஆசை. எப்படிக் கையாள்வது?

செப்புவாலை:
ஏழெட்டு பாட்டில் போதும். நாற்பது வைத்தால் பாதி தூசி பிடிக்கும். பிராண்டை விட, சரக்கு ஊறின பீப்பாய் மரத்தைப் பார்த்து வாங்குங்க, கஷாசாவோட பெருமையே அதில்தான். ஓக் எல்லா நாட்டிலும் இருக்கு, நீங்க பார்க்க வேண்டியது பிரேசில் மரங்களை. அம்புரானா மரம் இலவங்கப்பட்டை, வனிலா வாசனை தரும். பால்சமோ சோம்பும் பச்சிலையும் கலந்த மாதிரி காரமா இருக்கும். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து சலினாஸ் ஊர்ச் சரக்கில் இது அதிகம். ஜெகிடிபா தன் வாசனையைப் பெரிசாகக் காட்டாமல் சரக்கை மட்டும் மென்மையாக்கும். இந்த மூன்றில் ஒவ்வொன்று, ஓக்கில் ஒன்று, செப்பு வாலையில் வடித்த வெள்ளைச் சரக்கு இரண்டு, பாராச்சி ஊர்ச் சரக்கு ஒன்று.

லேபிள்: பிரேசில் சட்டப்படி கஷாசா 38 முதல் 48 சதவீதம் ஆல்கஹால். லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்திருந்தால் 'அடோசாடா' (இனிப்பு சேர்த்தது) என்று போட்டாகணும். அதை வாங்கினால் உங்க சிரப் அளவெல்லாம் தப்பிடும். 'பிரீமியம்' என்றால் முழுச் சரக்கும் 700 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் குறைந்தது ஒரு வருஷம், 'எக்ஸ்ட்ரா பிரீமியம்' என்றால் மூன்று வருஷம். வெறும் 'என்வெல்யெசிடா' (பீப்பாயில் ஊறியது) என்றால் பாதிச் சரக்கு ஒரு வருஷம் இருந்தாலே போதும். பொன் நிறத்தை மட்டும் நம்பி வயசைக் கணக்குப் போடாதீங்க.

கைப்பிரின்யா கசப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எலுமிச்சையின் நடுவில் ஓடும் வெள்ளை நார். இரண்டு முனையையும் வெட்டிட்டு, நீளவாக்கில் பிளந்து, அந்த நாரை 'வி' வடிவில் சீவி எடுங்க. எட்டுத் துண்டு. தோல் கீழே, சதை மேலே இருக்கிற மாதிரி கண்ணாடி டம்ளரில் போட்டு, மேலே 12 கிராம் வெள்ளைச் சர்க்கரை. மட்லரால் (நசுக்கும் கட்டை) ஐந்தாறு தடவை நேராக அமுக்குங்க. திருகினால் தோல் கிழிந்து கசப்பு இறங்கும். சர்க்கரை சாற்றில்தான் கரையும், குளிர்ந்த சரக்கில் சரியா கரையாது. உங்களுக்கு அடியில் நிக்கறது ஐஸும் கஷாசாவும் முந்திப் போவதால்தான் இருக்கும். சாறோடு கரைந்த பிறகு 60 மி.லி. வெள்ளைக் கஷாசா, டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், ஒரு கிளறு. வடிகட்ட வேண்டாம்.

சிரப் ஊற்றினால் வேகம் வரும்தான். ஆனால் தோலின் எண்ணெயை உரசி எடுப்பது சர்க்கரைப் பொடிதான், சிரப்பால் அது முடியாது. வேகம் வேணும்னா சர்க்கரையைக் கடை திறக்கும் முன்னாடியே கிண்ணங்களில் எடை போட்டு வைங்க. எலுமிச்சையை மட்டும் முன்கூட்டி வெட்டாதீங்க.

பழக்கூழ்:
முந்திரிப்பழச் சாறு தொண்டையைப் பிடிப்பதற்கு டானின் என்கிற துவர்ப்புப் பொருள் காரணம். பியாவி மாநிலத்தில் கஜுயினா (தெளிந்த முந்திரிப்பழச் சாறு) செய்கிறவர்கள் அதைத் தெளியவைக்கும் வழியே உங்களுக்கும் உதவும். ஒரு லிட்டர் சாற்றுக்கு 2 கிராம் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கிளறி, மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்க. டானின் ஜெலட்டினோடு ஒட்டித் திரிதிரியாப் பிரியும். காபி ஃபில்டர் தாளில் வடிங்க, பிழியக் கூடாது. இன்னும் பிடித்தால் அடுத்த லிட்டருக்கு அரை கிராம் கூட்டுங்க. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது, மெனுவில் எழுதிடுங்க. புதுப் பழம் சீக்கிரம் புளிச்சுடும், உறைந்த கூழே பாதுகாப்பு.

ஜம்பு பூவை சிரப்பில் போட்டு ஏமாறாதீங்க. நாக்கை மரக்கவைக்கும் 'ஸ்பிலாந்தால்' என்கிற பொருள் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, ஆல்கஹாலில் இறங்கும். 700 மி.லி. வெள்ளைக் கஷாசாவில் 20 கிராம் பூ, மறுநாளிலிருந்து ருசி பார்த்துப் போதும்போது வடிங்க. ஒரு டிரிங்குக்கு 5 மி.லி. தாராளம். நாக்கு கூசும்னு முதலிலேயே சொல்லிக் கொடுங்க. இல்லாட்டி அலர்ஜின்னு பயந்துடுவாங்க.

மரகுஜா பட்டிடா (பாஷன் ஃப்ரூட், கண்டென்ஸ்டு மில்க், கஷாசா கலந்த டிரிங்க்) வைத்தால், பாஷன் ஃப்ரூட் கூழையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் முன்கூட்டிச் சேர்க்காதீங்க. புளிப்புக்குப் பால் இறுகிப் புட்டிங் மாதிரி ஆகிடும்.

கவுண்டர்காரன்:
ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். கைப்பிரின்யாவை அம்புரானாவில் போடலாமா? கூட்ட நேரத்துக்கு முன்கூட்டிக் கலந்து வைக்க ஏதாவது இருக்கா?

செப்புவாலை:
அம்புரானா முழு 60 போட்டால் எலுமிச்சை காணாமப் போயிடும். 45 வெள்ளை, 15 அம்புரானா வைங்க.

முன்கூட்டிக் கலக்க ரபோ டி காலோதான் சரி. சாவோ பாலோ பார்களில் சாதாரணமா ஓடும் டிரிங்க்: கஷாசா 2 பங்கு, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த வைன்) 1 பங்கு. ஐஸில் கிளறாமல் ஊற்றப் போறதால மொத்த அளவில் 20 சதவீதம் தண்ணீர் சேர்த்து பாட்டிலில் அடைங்க. அப்போ ஆல்கஹால் 27 சதவீதம் பக்கம் நிக்கும். ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கூழா மாறிடும், அதனால் ஃப்ரிட்ஜின் அடித்தட்டு.

பழக்கூழ்:
ஒண்ணு விட்டுப்போச்சு. குமாரு விதை, அதாவது டோன்கா, துருவலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க. அதில் கூமரின் என்கிற ரசாயனம் இருக்கு. அமெரிக்காவில் 1954 முதல் உணவில் சேர்க்கத் தடை. உங்க ஊர் விதியைப் பார்க்காமல் மெனுவை அச்சடிக்காதீங்க.