புதுப்பிப்பு: தம்பியின் பணிநீக்க உத்தரவு திரும்பப் பெறப்பட்டது

விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து அதன் கால்பந்து அணியில் ஆடிவந்த என் தம்பி, திருவாரூரில் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் துணைப் பயிற்சியாளரைத் தள்ளிவிட்டதற்காக, விளக்கம்கூடக் கேட்கப்படாமல் மறுநாளே பணிநீக்கம் செய்யப்பட்டதை முன்பு இங்கே எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி தஞ்சாவூரில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைச் சந்தித்தோம். அவன் செய்தது தவறுதான். ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவிக்கும் குறிப்பாணை தராமலும், பதிலளிக்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்பளிக்காமலும் வேலையைப் பறிப்பது ஒருவரின் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற இயற்கை நீதிக்கு முரணானது என்று அவர் அனுப்பிய கடிதத்துக்குப் பின், நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்று, அவனை இடைநீக்கத்தில் வைத்து விசாரணை தொடங்கியது. இடைநீக்கத்தின் முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பணம் வரத் தொடங்கிய பிறகுதான் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

என் முந்தைய பதிவுக்குப் பதிலளித்த ஒருவர், இங்கிலாந்தின் செல்சி கால்பந்து அணியில் ஆடிய அட்ரியன் முட்டுவைக் குறிப்பிட்டிருந்தார். கோகெய்ன் பயன்படுத்தியதற்காக 2004இல் நீக்கப்பட்ட அவர், அணிக்கு 1.7 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு தர வேண்டுமென உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2008இல் உத்தரவிட்டது உண்மை. எனினும் அது ஒப்பந்த மீறல் பற்றிய வழக்கு. எங்களுடையதோ தண்டனையின் அளவு பற்றியது. தொழில் தகராறு சட்டத்தில் 1971இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, மிகையான தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கு அளித்ததையும் வழக்கறிஞர் சுட்டிக்காட்டினார்.

தம்பி துணைப் பயிற்சியாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டான். விசாரணையின் அடுத்த அமர்வு அடுத்த வாரம்.