10,000 ரூபாய்க்குக் கீழே கவுண்டரில் தரமாட்டார்களாம்: பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் என்ன சொல்கிறீர்கள்?

எருத்தேம்பதி விவசாயி:
எங்கள் பக்கத்து வங்கிக் கிளை ஒன்றில் கேஷ் கவுண்டர் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். 10,000 ரூபாய்க்குக் கீழே எடுப்பவர்கள் ஏடிஎம்முக்கோ சேவை மையத்துக்கோ போக வேண்டுமாம். மேனேஜர் கையெழுத்து இல்லை, சுற்றறிக்கை எண் இல்லை. மலையாளத்தில் மட்டும் இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் நிறையப் பேர் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அதைப் படிக்கத் தெரியாதவர்கள் வரிசையில் நின்று, முறை வந்த பிறகுதான் விஷயமே தெரிந்துகொள்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்குப் பால் சொசைட்டியிலிருந்து கணக்கில் பணம் ஏறும். மாட்டுத்தீவனம் வாங்க 1,500 ரூபாய் எடுக்கப் போனார். பாஸ்புக் நடுவில் மடித்து வைத்திருந்த ஸ்லிப்பை எடுத்துக் கொடுத்தார். தொகையைப் பார்த்ததும் கண்ணாடிக்கு அடியிலேயே திருப்பித் தள்ளிவிட்டார்கள். அவரிடம் ஏடிஎம் கார்டு கிடையாது. கணக்கில் பணம் இருக்கிறது, ஆள் நேரில் நிற்கிறார், கையெழுத்து ஒத்துப்போகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

1949ஆம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5(பி) பிரிவைப் பாருங்கள். மக்களிடம் வைப்புத்தொகை வாங்கி, கேட்கும்போது திருப்பித் தருவதுதான் வங்கித் தொழில் என்கிறது. கேட்கும் தொகை சிறியதாக இருந்தால் தரவேண்டாம் என்று அதில் எங்கே இருக்கிறது?

பழைய கேஷியர்:
தம்பி, கோபம் புரிகிறது. நான் முப்பது வருடத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்தவன், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

500 ரூபாய் ஸ்லிப்பானாலும் 50,000 ரூபாய் ஸ்லிப்பானாலும் வேலை ஒன்றுதான். கையெழுத்தைத் திரையில் ஒத்துப் பார்க்க வேண்டும், பதிவு போட வேண்டும், எண்ணிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வவுச்சர்களை அடுக்கி, ரொக்கத்தோடு கணக்கு நேராக்க வேண்டும். ஒரு நோட்டு குறைந்தால் கேஷியர் கைக்காசுதான் போகும். முன்பு மூன்று பேர் பார்த்த கவுண்டரில் இன்று பல கிளைகளில் ஒருவர்தான் இருக்கிறார். ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் வருவதில்லை. பென்ஷன் வாரத்தில் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். கார்டு வைத்திருப்பவர்கள் எல்லாம் 2,000, 3,000 என்று கவுண்டருக்கே வந்தால் கார்டு இல்லாத உங்கள் பெரியம்மா இன்னும் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும்.

நீங்கள் சொன்ன சட்டம் திருப்பித் தரச் சொல்கிறது, கவுண்டரில்தான் தரவேண்டும் என்று சொல்லவில்லை. ஏடிஎம்மில் கொடுத்தாலும் கொடுத்ததுதான். குறைந்தபட்ச வரம்பு இல்லாமல் கிளை நடத்த முடியாது என்பதுதான் என் கருத்து.

பொள்ளாச்சி ரோடு:
தீவனக் கடையிலேயே க்யூஆர் ஒட்டியிருக்கிறதே அண்ணா? 1,500 ரூபாயை யூபிஐயில் அனுப்பினால் முடிந்தது. பட்டன் போனுக்கும் 2022லேயே வசதி கொண்டுவந்துவிட்டார்கள். மக்கள் பழகிக்கொள்ளாததற்கு வங்கியைக் குறை சொல்வது நியாயமா? என் அப்பாவுக்கு 68 வயது, அவர் பழகிவிட்டார்.

அயல்கூட்டம் செக்ரட்டரி:
உங்கள் அப்பா பழகியது நல்லது தம்பி. சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரள அரசுத் திட்டத்தின் மகளிர் குழு) உள்ளவர்களின் நிலைமையைக் கேளுங்கள். கணக்கோடு சேர்த்த மொபைல் எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. ஓடிபி அங்கே போகும், அவன் ஷிப்டில் இருப்பான். தேங்காய் போட வருகிறவர், களை எடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் கூலியைக் கையில்தான் வாங்குகிறார்கள். சாயங்காலம் கொடுக்க ரொக்கம் வேண்டும்.

ஏடிஎம்முக்குப் போ என்கிறார்கள், சரி. எங்கள் பஞ்சாயத்தில் இருக்கிற மெஷினில் பல நாள் 500 ரூபாய் நோட்டு மட்டும்தான். கணக்கில் 430 ரூபாய் இருக்கிறவள் என்ன செய்வாள்? 100 அல்லது 200 ரூபாய் நோட்டை 2025 செப்டம்பருக்குள் 75 சதவீத ஏடிஎம்களிலும், 2026 மார்ச்சுக்குள் 90 சதவீத ஏடிஎம்களிலும் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மீதிப் பத்து சதவீதம் எந்த ஊர்களில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நூறு ரூபாய் எடுக்கப் பெண்கள் பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகிறார்கள். நூறு ரூபாய்க்காக ஒரு நாள் கூலி போகிறது.

மீனாட்சிபுரம் சேவை மையம்:
வங்கி எங்களைக் கைகாட்டுவதால் நானும் சொல்லியாக வேண்டும். என் கடையில் ஆதார் ரேகை வைத்துப் பணம் கொடுக்கிறேன். ஒரு தடவைக்கு 10,000 வரை தரலாம். பொள்ளாச்சியில் கணக்கு இருப்பவர்களும் கேரள எல்லைக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறார்கள், அந்த வகையில் இது நல்ல வசதிதான்.

ஆனால் பால் கறக்கிற கைக்கும் மம்பட்டி பிடிக்கிற கைக்கும் ரேகை விழுவதில்லை. துணியால் துடைத்து, கட்டைவிரல் போய் ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை என்று பார்ப்போம். அதுவும் விழாவிட்டால் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதுதான். வயதானவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், எனக்குத் தாங்காது. இன்னொன்று, எங்களுக்குக் கமிஷன் தொகையைப் பொறுத்து வருகிறது. 300 ரூபாய்க்குச் சில்லறைக் காசுதான். அதனால்தான் சில மையங்களில் கையில் பத்து, இருபது கேட்கிறார்கள். வாடிக்கையாளரிடம் நாங்கள் நேரடியாகக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, நான் வாங்குவதில்லை. நான் கொடுக்கிற ரொக்கமும் அதே கிளையின் கவுண்டரில் எடுத்து வருவதுதான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எருத்தேம்பதி விவசாயி:
கேஷியர் சார், இதைத்தான் கேட்கிறேன். கார்டு இல்லை, ரேகை விழவில்லை, போன் மகனிடம். மூன்று வழியும் அடைபட்டவருக்கு நான்காவதாகக் கவுண்டர் ஒன்றுதான் மிச்சம். குறைந்தபட்ச வரம்பு போட்டு அதையும் மூடினால் அந்தப் பணம் அவருடையது என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்?

குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் மாதம் குறைந்தது 4 முறை கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்று 2019 ஜூனில் ரிசர்வ் வங்கி சொன்னது. அந்தக் கணக்கை யாருக்காகத் தொடங்கினார்கள்? 10,000 ரூபாய் ஒரே தடவையில் எடுப்பவர்களுக்காகவா? அந்த வகையைச் சேர்ந்த ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் சேர்வதே பலருக்கு அபூர்வம். அப்படியென்றால் இந்த விதி அவர்களைக் கிளைக்குள்ளேயே வராதே என்கிறது.

செக் கொடுத்துப் பாருங்கள். 1881ஆம் வருடச் செலாவணி முறிச் சட்டம் 31ஆவது பிரிவின்படி, கணக்கில் பணம் இருந்து, முறையாக நீட்டப்பட்ட செக்குக்கு வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் நஷ்டஈடு தர வேண்டும். அங்கே 10,000 என்ற வரம்பு கிடையாது. செக் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இருக்கிற உரிமை ஸ்லிப் எழுதுகிறவளுக்கு இல்லையா?

பழைய கேஷியர்:
ஸ்லிப் செக் ஆகாது, அந்தப் பிரிவு அதற்குப் பொருந்தாது. ஆனால் கார்டு இல்லாதவரை, ரேகை விழாதவரைத் திருப்பி அனுப்புவதை நான் எந்த இடத்திலும் சரி என்று சொல்லமாட்டேன். கார்டு உள்ளவர்களுக்குத்தான் வரம்பு வேண்டும். மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுண்டர் அல்லது முன்னுரிமை தரச் சொல்லி 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே ரொக்கம் கொண்டுபோய்க் கொடுக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையனைத் திட்டி ஒன்றும் ஆகாது, அவன் மேலே சொன்னதைச் செய்கிறான்.

பொள்ளாச்சி ரோடு:
கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் வரம்பு என்றால் எனக்கும் சம்மதம். கார்டு இல்லாதவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் புதுக் கார்டு கேட்டு மனு கொடுப்பதையும் செய்யுங்கள் அக்கா.

எருத்தேம்பதி விவசாயி:
எனக்குச் சம்மதமில்லை. கார்டு இருந்தும் மெஷின் பழுதானால்? உள்ளே பணம் தீர்ந்துவிட்டால்? கார்டு இருக்கிறதா என்று கேட்டு வடிகட்ட ஆரம்பித்தால் கடைசியில் எல்லோரையும்தான் வெளியே அனுப்புவார்கள். ஆள் போதவில்லை என்றால் ஆள் போடட்டும். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சிறிய தொகைக்கு என்று நேரம் ஒதுக்கட்டும், அதற்கு யாரும் மறுப்பு சொல்லமாட்டோம்.

அயல்கூட்டம் செக்ரட்டரி:
நாங்கள் திங்கட்கிழமை கிளைக்குக் கடிதம் கொடுக்கப் போகிறோம், மலையாளத்திலும் தமிழிலும். நகலில் சீல் வாங்கிக்கொள்வோம். கேஷியர் சார், என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.

பழைய கேஷியர்:
ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள் அம்மா. தேதி, டோக்கன் எண், கேட்ட தொகை, அன்று கணக்கில் இருந்த இருப்பு. கார்டு உண்டா, ரேகை விழுந்ததா என்பதும் இருக்கட்டும். எந்தச் சுற்றறிக்கைப்படி மறுத்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். விவரம் கேட்க 14448க்குப் போன் பண்ணுங்கள். வரம்பு பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் கடிதத்தை நானே படித்துத் திருத்தித் தருகிறேன். மறுத்த ஸ்லிப்பைக் கவுண்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். பின்பக்கம் 'தரப்படவில்லை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.