புதுப்பிப்பு: கடலோர வீட்டு கேட், கிரில் துரு

கடலூரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு கேட்டும் கிரில்லும் பெயிண்ட் அடித்தும் துருப்பிடிக்கிறதே என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி. நீங்கள் சொன்னபடியே கம்பி பிரஷ், எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி (எங்கள் போர்வெல் தண்ணீரே உப்பு!), காய்ந்த கையோடு ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்தோம். தள்ளிப்போட்டால் உப்புக்காற்றில் மறுபடி துரு பூத்துவிடும். மேலே எனாமல் பெயிண்ட் இரண்டு கோட்.

ஐப்பசி மழையைத் தாங்கிவிட்டது. வெல்டிங் மூட்டுகளில் மட்டும் லேசான பழுப்பு. தண்ணீர் தேங்கிய கேட்டின் அடிப்பட்டையில் ஓட்டை போட்டு வடிய விட்டாயிற்று.

அப்புறம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடியில் பழுப்புக் கறை. அது 304 ரகம்; கடலோரத்துக்கு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம்தான் சரி. விலையைக் கேட்டதும், இருப்பதையே துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.