அமைதிக் கூட்டங்களில் முகங்கள்: கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா?

மாலைவெயில்:

கொஞ்ச காலமாகப் போருக்கு எதிரான கூட்டங்களுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பத்திரிகைக்காகவும் இல்லை, எனக்காகத்தான். கூட்டம் என்றதும் கல்லெறி, கண்ணீர்ப்புகை என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது அறுபது பேர் அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார்கள், யாராவது ஒருவர் நாலு வார்த்தை பேசுவார், இருட்டியதும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், கலைந்து போவார்கள்.

என் குழப்பம் ஒரு பாட்டியால் வந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, தடித்த மார்க்கரில் 'என் பேரன்களை அனுப்ப மாட்டேன்' என்று எழுதியிருந்தார். கடைசி எழுத்துகளுக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கியடித்திருந்தார். அவர் கவனிக்காதபோது ஒரு படம் எடுத்தேன்: அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்திலிருப்பவரின் மெழுகுவர்த்தியிலிருந்து தன்னுடையதைப் பற்றவைக்கிறார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். உடனே அட்டையை நெஞ்சுக்கு நேரே தூக்கி, தாடையை நிமிர்த்தி, லென்ஸையே பார்த்து நின்றார். அதையும் எடுத்தேன்.

இரண்டையும் காட்டினால், ஒரு நண்பர் முதலாவதுதான் படம், இரண்டாவது பாஸ்போர்ட் போட்டோ என்கிறார். இன்னொருவர், முதலாவதைக் கரண்ட் போன நேரத்தில் எடுத்தது என்று சொன்னாலும் நம்புவேன், அதில் கூட்டம் எங்கே, காரணம் எங்கே என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

கேட்டு எடுத்தால் அது செய்திப் படம் இல்லையா? கேட்காமல் எடுத்தால் ஏதோ திருடியது போல இருக்கிறது. ஒரே தொகுப்பில் இரண்டு வகையையும் வைக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புவெள்ளை:

கேட்காதீர்கள். கேட்ட நொடியே அந்தத் தருணம் செத்துவிடும். கேமராவைப் பார்க்கும் முகம் கேமராவைப் பற்றிய படம், போராட்டத்தைப் பற்றியது இல்லை. மெழுகுவர்த்திப் படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். தொகுப்பில் கலக்கவே வேண்டாம்.

ஓரக்கண்:

அழித்துவிடாதீர்கள் தங்கச்சி. கறுப்புவெள்ளை சொல்வது தெருப் படங்களுக்குப் பொருந்தும். அமைதிக் கூட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. நானும் இளம் வயதில் அவர் கட்சியில் இருந்தவன்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

செய்திப் படக்காரர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம், நடப்பதில் கை வைக்காதே என்பது. அமெரிக்காவின் தேசியப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் நெறிமுறையிலும் இது உண்டு: படம் எடுக்கும்போது நிகழ்வை வேண்டுமென்றே மாற்றக் கூடாது, மாற்ற முயலவும் கூடாது. நல்ல விதி. ஆனால் நமக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ ஒன்று எதிரே நடந்துகொண்டிருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. பேசாமல் நிற்கிற கூட்டத்தில் நடப்பது என்ன? நிற்பதுதான். 1988இல் ஜெருசலேமில் தொடங்கிய 'கறுப்பு உடைப் பெண்கள்' இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறை கறுப்பு உடுத்தி, பொது இடத்தில் வாய் திறக்காமல் நிற்பார்கள். பல நாடுகளுக்குப் பரவிவிட்ட முறை அது. அங்கே போய் ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தால், காரில் போகிறவன் எவனாவது திட்டிவிட்டுப் போவதுதான் நடக்கும். நீங்கள் திட்டுகிறவனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள், நின்றவர்கள் பின்னணியில் மங்கலாக இருப்பார்கள். இப்படி நிறைய படங்கள் பார்த்திருக்கிறேன்.

பார்க்கப்பட வேண்டும் என்றுதான் இவர்கள் வந்து நிற்கிறார்கள். அந்தப் பாட்டி வீட்டில் உட்கார்ந்து அட்டையைக் கிழித்து எழுதியதே யாராவது படிப்பதற்காக. உங்கள் கேமராவைக் கண்டதும் அவர் அதைத் தூக்கிப் பிடித்தார் என்றால், வந்த வேலையைச் செய்தார். அந்த இடத்தில் நேருக்கு நேர் எடுத்த முகம்தான் செய்தி. லண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2001 ஜூனிலிருந்து ஏறக்குறைய பத்து வருஷம் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தாரே போர் எதிர்ப்பாளர் பிரையன் ஹா, தொப்பி முழுக்கப் பேட்ஜ் குத்திக்கொண்டு. போர்ட்ரெய்ட், அதாவது முகப்படம், எடுக்காமல் அவரைப் பற்றி எப்படிச் செய்தி சொல்வது?

இதற்காக எல்லாக் கதவையும் திறந்துவிடக் கூடாது. எனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறேன். அனுமதி கேட்பேன், ஆனால் எதுவும் சொல்லிச் செய்யவைக்க மாட்டேன். 'எடுக்கலாமா?' என்பதோடு என் பேச்சு முடிந்தது. அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், இப்படித் திரும்புங்கள், அந்த மெழுகுவர்த்தியை இன்னொரு முறை ஏற்றுங்கள், இவை எதுவும் கிடையாது. மறுபடி ஏற்றச் சொன்ன மெழுகுவர்த்தி பொய். அதைப் பார்க்கிறவருக்கு அது பொய் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதுதான் அதில் மோசமான விஷயம். லென்ஸைப் பார்க்கும் முகமோ எதையும் மறைக்கவில்லை. எதிரே ஒருவன் கேமராவோடு நிற்கிறான் என்று அந்தப் படமே சொல்லிவிடுகிறது. இந்தக் கணக்கில் உங்கள் இரண்டாவது படம் முதலாவதைவிட ஒரு படி நேர்மையானது.

இன்னொன்று. அனுமதி கேட்டதும் மக்கள் ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். மரியாதைக்கு அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேமராவை இறக்கிவிடாதீர்கள், நன்றியும் சொல்லாதீர்கள். சும்மா நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் கை வலிக்கும், அட்டை ஒரு பக்கம் சாயும், பார்வை உங்களைத் தாண்டிப் போகும், நீங்கள் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் பெரிதாகத் தோன்றாது. போர்ட்ரெய்டுக்கும் செய்திப் படத்துக்கும் நடுவில் நீங்கள் தேடுகிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். முதல் கிளிக்கோடு நன்றி சொல்லி நகர்ந்துவிடுபவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

இப்போது இதற்கு எதிர்ப்பக்கம். 1967 அக்டோபர் 21 அன்று வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் ராணுவத் தலைமையகமான பென்டகனுக்கு நடந்தார்கள். அன்று எடுத்த இரண்டு படங்களை உலகமே அறியும். ஒன்று பெர்னி பாஸ்டன் எடுத்தது: ஒரு சுவரின் மேல் உட்கார்ந்திருந்தவர், கீழே ஓர் இளைஞன் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல்களில் பூச்செருகுவதை எடுத்தார். மற்றது பிரெஞ்சுக்காரர் மார்க் ரிபூ எடுத்தது: துப்பாக்கிக் கத்திகளுக்கு எதிரே இரண்டு கையாலும் ஒரு பூவைப் பிடித்து நிற்கும் ஜான் ரோஸ் காஸ்மிர், அப்போது 17 வயது. இரண்டும் கேட்காமல் எடுத்தவை. ஆனால் ரிபூவின் படம் போர்ட்ரெய்டாகத்தான் வாழ்கிறது. ஒரே முகம், பக்கவாட்டில், நம் உயரத்தில். அத்தனை ஆயிரம் பேரின் நடையும் அந்த ஒரு பெண்ணின் முகமாகிவிட்டது. வந்தவர்களில் எத்தனையோ பேர் நடுவயதுக்காரர்கள், கோபக்காரர்கள், அழகில்லாதவர்கள், பூக் கொண்டுவராதவர்கள். அவர்கள் யாரும் நினைவில் இல்லை.

ஒரு முகத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் கொடுக்கிற விலை இது. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்கட்டும். இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் அணு ஏவுகணைத் தளத்தில் 1983 புத்தாண்டு அன்று பெண்கள் வேலி ஏறிக் குதித்து ஏவுகணைக் கிடங்கின் மேல் வட்டமாகக் கைகோத்து ஆடியதை ரைசா பேஜ் எடுத்தார். அதில் யார் முகத்தையும் தேடிப் பார்க்கத் தோன்றாது, கோத்த கைகளின் வட்டம்தான் படம். அப்படியும் ஒன்று தொகுப்பில் இருக்கட்டும்.

ஆக, இரண்டையும் வையுங்கள், பாட்டியின் இரண்டு படங்களையும் அடுத்தடுத்தே வையுங்கள். படக்குறிப்பில் பூசி மெழுகாதீர்கள். எது கேட்டு எடுத்தது என்று ஒரு வார்த்தை போதும்.

அட்டைக்காரி:

நான் படம் எடுப்பவள் இல்லை, அட்டை பிடித்து நிற்பவள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டுமே என்று எழுதுகிறேன்.

ஓரக்கண் சார் சொன்னதில் பாதி சரி. பார்க்கப்படத்தான் நிற்கிறோம். ஆனால் யாருக்குப் பார்க்கப்பட என்பதும் உண்டு. தெருவில் போகிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார். உங்கள் படம் மறக்காது. என் மேலதிகாரி பார்க்கலாம், விசா கொடுக்கிறவர் பார்க்கலாம், முகத்தை வைத்து ஆளைத் தேடித்தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. எங்களோடு நிற்பவர்களில் சிலர் அதற்காகவே மாஸ்க் போட்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் 'ஒரு நிமிஷம் கழற்றுங்கள், முகம் தெரியட்டும்' என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். கேட்பதால் மட்டும் மரியாதை வந்துவிடாது.

அப்புறம், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். குழந்தைகள், முகத்தில் சாயம் பூசிய பெண்கள், நீளத் தாடி வைத்த தாத்தாக்கள், இவர்களைச் சுற்றித்தான் எப்போதும் கேமராக்கள். நடுவில் மூக்குக்கண்ணாடியும் சாதாரணச் சட்டையுமாக என்னைப் போல நிற்பவர்களை யாரும் எடுப்பதில்லை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நாங்கள்தான். முகம் கலையாக இருப்பவர்களை மட்டும் எடுத்துத் தொகுப்பு போட்டால், இது ஏதோ விசித்திரமானவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

ஒரே ஒருவர் என் அட்டையில் எழுதியிருந்ததை முழுதாக வாசித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் கேமராவை எடுத்தார். பெயர் போடலாமா, போடக் கூடாதா என்றும் கேட்டார். அவர் எடுத்த படத்தில் நான் அழகாக இல்லை. ஆனால் அது நான்தான்.

சட்டைப்பை:

சட்டப் பக்கம் ஒரு சிறு தகவல். நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் ஜெர்மனியின் 1907ஆம் வருஷச் சட்டம் இந்த விவாதத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்பது அதன் 22ஆம் பிரிவு. கூட்டம், ஊர்வலம் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களைக் காட்டும் படங்களுக்குச் சம்மதம் தேவையில்லை என்பது 23ஆம் பிரிவில் உள்ள விலக்கு. ஆனால் படம் கூட்டத்தைக் காட்ட வேண்டும். கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தால் அந்த விலக்கு பொதுவாகக் கைகொடுக்காது, வேறு காரணம் காட்ட வேண்டிவரும். அமெரிக்காவில் பொது இடத்தில் செய்திக்காக எடுக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் விடுகிறது என்பதற்காக அட்டைக்காரி சொன்னதை மறந்துவிடவும் வேண்டாம்.

மாலைவெயில்:

எல்லோருக்கும் நன்றி. ஓரக்கண் அண்ணா, அந்த நன்றி சொல்லாமல் நிற்கும் விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. நான் கூச்சத்தில் ஒரு கிளிக்கோடு ஓடிவிடுகிற ரகம்.

அட்டைக்காரி அக்கா, ஒரு சந்தேகம். எடுத்த பிறகு ஒருவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன், அது சரி. ஆனால் கூட்டம் முழுதும் தெரியும் படத்தில் பின்னால் ஓர் ஓரத்தில் நிற்பவரை என்ன செய்வது? எல்லோரிடமும் கேட்க முடியாதே.

ஓரக்கண் அண்ணா, லென்ஸ் விஷயமும் சொல்லுங்கள். அகலமாகக் காட்டும் 35 மி.மீ., நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. இரண்டும் இருக்கின்றன. 85இல் முகம் அழகாக வருகிறது, ஆனால் அட்டையில் எழுதியது மங்கிவிடுகிறது.

அட்டைக்காரி:

கேட்க முடியாதுதான். நாங்களும் அதை எதிர்பார்ப்பதில்லை. மாஸ்க் போட்டவர், முகத்தைத் திருப்பிக்கொள்பவர், அட்டையை உயர்த்தி மறைப்பவர், இவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். கூட்டம் தொடங்கும் முன் ஒருங்கிணைப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், யார் யார் படத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். மறைக்கத்தான் வேண்டும் என்றால் லேசாக மங்கலாக்குவதைவிட ஒரே நிறக் கட்டத்தால் முகத்தை முழுதாக மூடிவிடுங்கள். கட்டம் கட்டமாகக் கலைத்த முகத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன என்கிறார்கள். இணையத்தில் ஏற்றும் முன் படத்தோடு ஒட்டி வரும் ஜிபிஎஸ் தகவலையும் எடுத்துவிடுங்கள்.

கறுப்புவெள்ளை:

அழித்துவிடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கலக்க வேண்டாம் என்றதைத் திரும்பப் பெறவில்லை. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் பார்க்கிறவன் பாட்டியை விட்டுவிட்டு உங்கள் யுக்தியைத்தான் பார்ப்பான்.

ஓரக்கண்:

அதில் உண்மை இருக்கிறது. அடுத்தடுத்து வைக்காமல் தொகுப்பில் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். அட்டையை அடையாளம் கண்டு 'ஓ, அதே பாட்டி' என்று பார்ப்பவரே சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

லென்ஸுக்கு வருவோம். முகமும் அட்டையும் ஒரே தளத்தில் இல்லை. கையை நீட்டி அட்டை பிடித்தால் முகத்துக்கு 30 செ.மீ. முன்னால் இருக்கும். முழு அளவு சென்சாரில், 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8க்கு அகலத் திறந்து வைத்து இரண்டரை மீட்டரிலிருந்து எடுத்தால், துல்லியமாக இருக்கும் ஆழம் 10 செ.மீ.கூட வராது. முகம் இருக்கும், வாசகம் போய்விடும், பின்னணியில் நிற்கும் ஆட்கள் வெறும் வண்ணப் பொட்டாகிவிடுவார்கள். 35ஐப் போட்டு, துளையை எஃப் 4க்குக் குறுக்கி, ஒன்றரை மீட்டரில் நின்றால் நாற்பது செ.மீ.க்கு மேல் கிடைக்கும். கண்ணுக்கு மட்டும் ஃபோகஸ் செய்யாமல் கண்ணுக்கும் அட்டைக்கும் நடுவில் பிடித்தால் இரண்டும் தேறும். ஒன்றரை மீட்டர் என்றால் பேச்சு கொடுக்கும் தூரம். அங்கே நின்றுகொண்டு கேட்காமல் எடுக்கவும் முடியாது, அதனால் உங்கள் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பகலில் வெள்ளை அட்டை ஃபிரேமை நிறைத்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, முக்காலோ ஒன்றோ ஸ்டாப் கூட்டிவிடுங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுடரைப் பற்றிக் கவலைப்படாமல் முகத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், சுடர் வெளுத்துப் போனால் போகட்டும். அந்த நேரத்தில் எஃப் 4க்கு வெளிச்சம் போதாது, எஃப் 2வுக்கும், சென்சாரின் உணர்திறனை ஏற்றி ஐஎஸ்ஓ 3200க்கும் போக வேண்டியிருக்கும். வாசகம் கொஞ்சம் மங்கும்தான். அட்டையை இருட்டுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், ஒரு முறை அடித்தால் ஐம்பது பேரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.